செத்தோன் பாட்டில் செத்தவர் யாரும் இல்லை

தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுத்த செயலாளர் பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதியிருந்தால் தப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். தெரிந்தே எழுதியிருக்கிறார். அதனால் பொய் என்கிறேன்.

மலரின் நடுப்பக்கத்தில் அவருடைய அப்பாவின் படம் இருக்கிறது. எங்கள் காலத்தில் அவர்தான் சங்கத்துக்குச் செயலாளர். படத்துக்குக் கீழே கட்டம் போட்டு ஒரு பாட்டு. மில்லில் உயிர்விட்ட தியாகியை நினைத்து அவர் இயற்றிய பாட்டாம். தொழிலாளர் நாவெல்லாம் ஒலித்ததாம்.

செத்தோன் எங்கே, செத்தோன் எங்கே, தோழனே – உன்
ஆவியிலே வாழுதய்யா எங்க உசுரு, தோழனே!

நாவில் ஒலித்தது உண்மை. மற்ற எதுவும் உண்மை இல்லை. இந்தப் பாட்டில் செத்தவர் யாரும் கிடையாது. தோழனும் கிடையாது. இதில் இருந்தது ஒரு மேஸ்திரி, ஒரு ஆணி, அந்த ஆணியில் தொங்கிய ஒரு பித்தளை வில்லை. மில்லில் வேலை செய்த பெண்கள் ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் மேஸ்திரியிடம் அந்த வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாட்டு அதைப் பற்றியது. கட்டியவள் பூங்காவனம். முதலில் பாடியவளும் அவள்தான். அவள் பெயர் மலரில் ஒரு மூலையில்கூட இல்லை.

எனக்கு முந்திய காலத்தில் எங்கள் ஊர் மில் வாசலில் சுடப்பட்டுச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டில் பொங்கல் வைப்போம். அவர்களைக் குறைத்து நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அவர்களைக் காட்டி எங்கள் மூத்திரத்தை மறைக்காதீர்கள்.

மலரை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சுமதி. சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவள்.

"பெரிம்மா, நீங்க அந்த மில்லுலதானே இருந்தீங்க? யாரு பெரிம்மா செத்தது?"

"ஒருத்தியும் சாவலடி."

"அப்புறம் ஏன் செத்தோன்னு போட்டிருக்கு?"

சொன்னேன். சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இத எழுதுங்க பெரிம்மா" என்றாள். மூன்றாவது வரை படித்தவள் நான். மீதியைப் பேப்பர் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் திருத்த வேண்டாம்.

பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய வருஷம்தான் நான் மில்லில் சேர்ந்தேன். பதினேழு வயது. அப்பா அங்கே தறி ஓட்டினார். என்னை ரீலிங்கில் போட்டார்கள். அது முழுக்கப் பெண்கள் பகுதி, நாற்பது பேர். கீழே வரிசையாக நூல் சுற்றிய கட்டைகளைக் குத்த வேண்டும். நூல் நுனிகளை இழுத்து மேலே இருக்கிற சட்டத்தில் மாட்டி ஓட்ட வேண்டும். சட்டம் சுற்றச் சுற்ற நூல் சுருள் சுருளாகச் சேர்ந்து சிட்டமாகும். எந்த நூல் அறுந்தாலும் நிறுத்தி நுனிகளைச் சேர்த்து முடி போட்டு ஓட்ட வேண்டும். சிட்டம் நிறைந்தால் கட்டி, சட்டத்தை மடக்கிக் கழற்ற வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அதில் எழுத ஒன்றும் இல்லை. வேலை எல்லோருக்கும் வந்துவிடும். மேஸ்திரியிடம் நிற்பதுதான் வராது.

எங்கள் மேஸ்திரி கத்த மாட்டார். அடிக்க மாட்டார். கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சீப்பு. எல்லாப் பெண்களையும் தாயே என்றுதான் கூப்பிடுவார். பதினேழு வயதுப் பெண்ணும் தாயே, அறுபது வயதுக் கிழவியும் தாயே. கதவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு ஆணி. அதில் வில்லை தொங்கும். பழைய ஒரு ரூபாய் அளவு இருக்கும். நடுவில் ஓட்டை. நம்பர் அடித்திருக்கும். நாற்பது பேருக்கு ஒன்றே ஒன்று.

அதற்குப் பெயர் செத்தோன். யார் வைத்த பெயரோ எங்களுக்குத் தெரியாது. நான் சேர்வதற்கு முன்பே அதுதான் பெயர். கேட்டு வாங்குவதற்குள் உயிர் போவதால் செத்தோன் என்று நாங்களே அர்த்தம் வைத்துக்கொண்டோம்.

முறை இதுதான். மெஷினை நிறுத்திவிட்டு மேஜைக்குப் போக வேண்டும். கையைக் கட்டி நிற்க வேண்டும். அவர் உடனே நிமிர மாட்டார். நோட்டில் எழுதுகிற வரியை முடிப்பார். அடுத்த வரியையும் முடிப்பார். அப்புறம் நிமிர்ந்து, "என்ன தாயே?" என்பார். என்ன என்று அவருக்குத் தெரியாதா? நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். "செத்தோன்" என்போம். "இப்பதானே போன தாயே?" என்பார். காலையில் போனதாக இருக்கும். "இல்லீங்க மேஸ்திரி." "போனியே தாயே. நல்லா யோசிச்சுப் பாரு." இப்படி அன்பாகவே பேசிப் பேசி நிற்க வைப்பார். கொடுத்தாலும் மேஜைமேல் சாக்பீஸில் நேரம் குறிப்பார். திரும்பி வரக் கொஞ்சம் தாமதமானால் மறுநாள் மெஷின் கொடுக்காமல் மத்தியானம் வரை மூலையில் நிறுத்திவிடுவார். அப்போதும் தாயே.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டோம். பஞ்சுத் தூசியில் தொண்டை வறளும். குடிக்க மாட்டோம். எங்கள் பகுதியில் நீர்க்கடுப்பு இல்லாத பெண் இல்லை. வீட்டு ஆண்களிடம் இதைச் சொல்ல முடியுமா? அதே மில்லில் தறி ஓட்டிய என் அப்பாவுக்கே தெரியாது. ஆண்களுக்கு வில்லை கிடையாது. பீடி பிடிக்கப் போகிற மாதிரி அவர்கள் போய் வருவார்கள்.

அந்த மேஸ்திரியிடம் ஒரு பலவீனம் இருந்தது. சினிமாப் பாட்டு என்றால் உயிர். புதுப் படம் வந்தால் முதல் நாளே பார்த்துவிடுவார். பெண்கள் பாடிக்கொண்டு வேலை செய்தால் சிட்டம் அதிகம் விழும் என்று மானேஜரிடம் சொல்லிப் பாட அனுமதியே வாங்கியிருந்தார். நாங்கள் பாடினால் ஆணியிலிருந்து வில்லையை எடுத்து மேஜையில் தட்டித் தாளம் போடுவார். கணக்காகப் போடுவார். அதை நான் மறுக்கவில்லை.

பூங்காவனம் இதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கறுத்து, ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். ஒரு எழுத்துத் தெரியாது. சினிமா பார்க்கவும் போக மாட்டாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், போக நேரம் ஏது? சங்கு ஊதி வெளியே வந்தால் டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டு முடிகிற வரை கடைக்கு எதிரே செருப்பு வாரைச் சரி செய்வது போல் குனிந்து நிற்பாள். அவ்வளவுதான். மறுநாள் அதே மெட்டில் அவளுடைய வார்த்தை வந்து நிற்கும்.

மலர் போடுகிறவர்களுக்கு அவள் எப்படி வேலை செய்தாள் என்று தெரிய வேண்டும். பழைய மெட்டைத் தொட மாட்டாள். இந்த வாரம் எல்லா டீக்கடையிலும் ஓடுகிற மெட்டாக இருக்க வேண்டும். "புது மெட்டு நான் போட்டா யாருடி கத்துக்குவா? அவன் செலவு பண்ணி ஊரெல்லாம் கத்துக் குடுத்து வச்சிருக்கான். நாம வார்த்தைய ஏத்தி வுட்டா தானா ஓடும்" என்பாள். சினிமாப் பாட்டின் முதல் வார்த்தை எந்தச் சத்தத்தில் தொடங்குகிறதோ அவள் பாட்டும் அதே சத்தத்தில் தொடங்கும். தூரத்தில் கேட்டால் சினிமாப் பாட்டு. பக்கத்தில் வந்தால்தான் வேறு. ஒரு வரியின் நீளம் ஒரு மூச்சு. நூல் அறுந்து குனிந்தாலும் வரி அறுபடக் கூடாது. கட்டியதை முதலில் எங்கள் பகுதியிலேயே மந்தமான குப்பம்மாளிடம் பாடிக் காட்டுவாள். குப்பம்மாள் திருப்பிப் பாடும்போது எங்காவது தப்புவாள். நாங்கள் சிரிப்போம். பூங்காவனம் சிரிக்க மாட்டாள். "அவ பாடறதுதான் சரி. அவ வாயில நிக்காத வார்த்தை ஊர் வாயில நிக்காது" என்று தன் வார்த்தையை எடுத்துவிட்டுக் குப்பம்மாளின் தப்பை வைத்துக்கொள்வாள்.

சங்கீதம் தெரிந்தவர்கள் சிலரைப் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். தன் வார்த்தையை இப்படி வீசியெறிகிற ஒருவரையும் பார்த்ததில்லை.

முதலில் எல்லாம் விளையாட்டுதான். ரேஷன் அரிசியில் கல், மானேஜர் துரையின் நாய், தீபாவளிக்குக் கொடுத்த சாயம் போகிற சேலை என்று கட்டுவாள். வில்லையைப் பற்றி அவளும் கட்டவில்லை. அது வாயில் வருகிற விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. சகாயமேரிக்கு நடந்தபிறகுதான் எல்லாம் மாறியது.

சகாயமேரி எனக்கு அடுத்த மெஷின். அப்போது அவளுக்கு ஏழு மாதம். பயந்த சுபாவம். பேசினால் அவள் குரல் அவளுக்கே கேட்காது. அன்று காலையில் ஒரு தடவை வில்லை வாங்கிப் போய்விட்டு வந்தாள். பத்து மணிக்கு மறுபடியும் போய் மேஜை முன்னால் நின்றாள்.

"என்ன தாயே?"

"செத்தோன், மேஸ்திரி."

"இப்பதானே போன?"

"புள்ள அழுத்துது மேஸ்திரி."

"எல்லாத் தாயும்தான் புள்ள பெத்துக்கறாங்க. போ தாயே, ரெண்டு சிட்டம் எறக்கிட்டு வா. தரேன்."

திரும்பி வந்து சட்டத்தை ஓட்டினாள். ஒரு சிட்டம் இறக்கினாள். இரண்டாவதில் நூல் அறுந்தது. முடி போடக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அவள் காலடியில் சிமெண்டுத் தரையில் ஈரம் பரவியது. அது என் மெஷின் வரை ஓடி வந்தது. நாற்பது பேரும் பார்த்தோம். கட்டைகளைச் சுமந்து வந்த இரண்டு ஆண்களும் பார்த்தார்கள். சகாயமேரி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மேஸ்திரி எழுந்து வந்து, "சொல்லியிருக்கக் கூடாதா தாயே?" என்றார். ஆத்மார்த்தமாகத்தான் கேட்டார்.

மறுநாள் சகாயமேரி வரவில்லை. பூங்காவனம் வந்தாள். கட்டைகளைக் குத்தினாள். சட்டம் சுற்ற ஆரம்பித்ததும் பாடினாள். அந்த வாரம் ஊரெல்லாம் ஓடிய ஒரு காதல் பாட்டின் மெட்டு.

செத்தோன் எங்கே, செத்தோன் எங்கே, மேஸ்திரி – உன்
ஆணியில தொங்குதய்யா எங்க உசுரு, மேஸ்திரி!

ஒத்த வட்டம், ஓட்ட வட்டம், பித்தள – அது
நாப்பது பேர் அடிவயித்துப் பூட்டுடி!

காலையில குடிச்ச தண்ணி போவல – இப்பக்
கண்ணு வழி போவுதய்யா, மேஸ்திரி!

கடைசி வரியில் எனக்கு நூல் அறுந்தது. நான் முடி போடவில்லை. எதிர் வரிசையில் குப்பம்மாள் அழுதுகொண்டே திருப்பிப் பாடினாள். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. மெஷின் சத்தத்தில் மேஸ்திரிக்கு வார்த்தை கேட்கவில்லை, மெட்டு மட்டும்தான் கேட்டது. பிடித்த மெட்டு. வில்லையை எடுத்து மேஜையில் தட்டித் தாளம் போட்டார். எங்களைப் பற்றிய பாட்டுக்கு எங்கள் பூட்டாலேயே தாளம் போட்ட மனிதர் அவர்.

ஒரே வாரத்தில் பாட்டு மில்லைத் தாண்டியது. சங்கு ஊதியதும் ரோட்டில் பாடிக்கொண்டு போவோம். மீன் விற்கிற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வில்லையைக் கண்ணால் பார்க்காதவர்கள் எல்லாம் பாடினார்கள். ஒருநாள் எங்கள் தெருக் குழாயடியில் ஒரு பெண் பாடியதை அப்பா கேட்டுவிட்டார். சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "தனம், அது நெசமா?" என்றார். "நெசந்தான்பா" என்றேன். அம்மாவிடம், "அவளுக்கு ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார். மூன்று வருஷமாக நான் சொல்ல முடியாததை அந்த மெட்டு எங்கள் வீட்டில் சொல்லிவிட்டது.

அப்போதுதான் சங்கத்தின் காதில் இது விழுந்தது. கூட்டம் சேர்ப்பதற்காக மேடையில் முதலில் யாரையாவது பாடச் சொல்வது வழக்கம். ரீலிங்கில் ஒரு பெண் நன்றாகப் பாடுவாள் என்று யாரோ சொல்ல, அன்றைய செயலாளர் ஆள் அனுப்பினார். பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். முதல் வரிக்கு ஆண்கள் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள். பூட்டு என்று வந்ததும் விசில் நின்றது. கண்ணு வழி போவுதய்யா என்றபோது மைதானத்தில் யாரும் இருமக்கூட இல்லை.

இறங்கி வந்தவளைச் செயலாளர் ஓரமாகக் கூப்பிட்டார். நானும் கூட நின்றேன். அவர் சொன்னது இது. எழுத்துக்கு எழுத்து.

"இன்னாம்மா இது? மேடையில ஏறி ஒண்ணுக்கு ரெண்டுக்குன்னு? நாலு பெரிய மனுசங்க வந்திருக்காங்க. சங்கத்துக்கு மரியாதை வாணாம்?"

பூங்காவனம், "மரியாதை இருக்கறவங்க வந்து ஆணியிலேர்ந்து அத எடுத்துப் போடுங்க. நான் பாடறத நிறுத்திக்கறேன்" என்றாள்.

பாட்டைக் கேட்டு முகத்தைச் சுளித்த இந்த மனிதரைத்தான் பாட்டை இயற்றியவர் என்று மகன் போட்டிருக்கிறார்.

அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்க ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர் இல்லை. கொடி மாறியபிறகு மதராஸ் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு எங்கள் செத்தோன் தெரியாது. நல்ல தமிழில் அர்த்தம் பண்ணிக்கொண்டார். செத்தவன் எங்கே என்று மேஸ்திரியைக் கேட்கிறார்கள். ஆணியில் உயிர் தொங்குகிறது என்கிறார்கள். ஆக மில்லில் யாரோ தூக்கில் தொங்கியிருக்கிறார்கள், மேஸ்திரி பிணத்தை மறைத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாலைந்து நாள் கழித்துத் தொழிலாளர் அதிகாரி ஒருவர் இரண்டு போலீஸோடு மில்லுக்கு வந்தார். அவரும் புதியவர். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். துரை வந்து நின்றார். துரைக்கு மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தா அந்துவான் முசே வந்து நின்றார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. மேஸ்திரியின் தலைக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. வில்லை இல்லை.

"பயப்படாம சொல்லுங்கம்மா. இங்க செத்தவர் பேரு என்ன?" என்றார் அதிகாரி.

பூங்காவனம்தான், "செத்தவங்க யாரும் இல்ல சார். செத்தோன்தான் உண்டு" என்றாள்.

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன். செத்தோன் எங்கே?"

பாட்டின் முதல் வரியை அவரே சொல்லிவிட்டார். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போலீஸ்காரர் லத்தியைத் தட்டினார். எங்களால் நிறுத்த முடியவில்லை.

அந்துவான் முசே நெற்றியைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். அது தமிழே இல்லையாம். பிரெஞ்சில் இந்த மாதிரி வில்லைக்கு ழெத்தோன் என்று பெயராம். அதுதான் பெண்கள் வாயில் செத்தோன் ஆகிவிட்டதாம். எங்களுக்கே அன்றுதான் தெரியும்.

"சரி, எதுக்கு அந்த வில்லை?" என்றார் அதிகாரி.

அந்துவான் முசே துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். மூன்று படித்த ஆண்கள் நின்ற இடத்தில் ஒரு சின்ன வார்த்தை யாருக்கும் வரவில்லை.

"ஒண்ணுக்குப் போறதுக்கு சார்" என்றாள் பூங்காவனம். தலையைக் குனியாமல் சொன்னாள். "நாப்பது பேருக்கு ஒண்ணு. அவரு குடுத்தாத்தான் போவலாம். குடுக்கலன்னா இங்கயே நிக்கணும். போன மாசம் ஒரு புள்ளத்தாச்சி இதோ இந்த எடத்துல நின்னா."

அதிகாரியின் முகம் மாறியது. "வில்லை எங்கே?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல தாயே" என்றார் மேஸ்திரி. பதற்றத்தில் அதிகாரியையே தாயே என்றுவிட்டார். "இந்தப் பொம்பளைங்க கட்டி வுட்ட கத. வெறும் ஆணிங்க. நான் சட்டை மாட்டறதுக்கு."

ஆணிக்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில் வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதிகாரி அதைத் தடவிப் பார்த்தார். ஆனால் வட்டம் சாட்சி சொல்லாது. பூங்காவனம் இல்லாதிருந்தால் அவர் நோட்டை மூடிக்கொண்டு போயிருப்பார், அடுத்த நாள் அவளுக்கு வேலை போயிருக்கும்.

"சார், மெஷின ஓட்டலாமா?" என்றாள் பூங்காவனம். அவர் தலையாட்டினார். சட்டங்கள் சுற்றின. அவள் பாட ஆரம்பித்தாள். செத்தோன் பாட்டு இல்லை. அதன் அசல், அந்தக் காதல் பாட்டு. வார்த்தை ஒன்றுகூட மாற்றாமல் சினிமாவில் வந்தபடியே பாடினாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். மேஸ்திரி நின்றுகொண்டுதான் இருந்தார். சரணம் வந்தபோது அவருடைய வலது கை சட்டைப் பைக்குப் போனது. அவர் போகச் சொல்லவில்லை. பழக்கம், தானாகப் போனது. பைக்குள் சீப்பில் பட்டுக் கிண் கிண் என்று தாளம் விழுந்தது.

அவரை ஒட்டி நின்றிருந்த அதிகாரி திரும்பினார். "பையில என்ன?"

மேஸ்திரி வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் பெண்கள் பகுதிக்குப் பின்னால் கதவோடு இரண்டு கக்கூஸ் கட்டினார்கள். கதவுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். கேட்காமல் போனோம், கேட்காமல் குடித்தோம். சகாயமேரி பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு மறுபடி வேலைக்கு வந்தாள். பிற்பாடு நான் முப்பது வருஷத்துக்குமேல் அதே மில்லில் வேலை செய்தேன். சம்பள உயர்வு எத்தனையோ பார்த்தேன். அந்தப் பானையிலிருந்து முதல் நாள் குடித்த தண்ணீருக்கு ஈடாக ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆறு மாதத்தில் ஆள் குறைப்பு என்று ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ரீலிங்கில் ஒரே பெயர். பூங்காவனம். நாங்கள் சங்கத்துக்கு ஓடினோம். செயலாளர், "பாட்டுப் பாடி வேலையைக் கெடுத்தான்னு எழுதியிருக்காங்க. பாடலன்னு நான் எப்படிம்மா வாதாடறது?" என்றார். அத்துடன் முடிந்தது. அவரை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நாற்பது பேரும் மெஷினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கட்டைகளைக் குத்தினேன்.

பூங்காவனம் யாரையும் குறை சொல்லவில்லை. தவளக்குப்பம் சந்தையில் காய்கறி போட்டாள். அங்கேயும் பாட்டை விடவில்லை. மதராஸ் பக்கம் மதுவிலக்கு இருந்ததால் பஸ் பிடித்து நம் ஊருக்குக் குடிக்க வந்தவர்கள் மேல் ஒன்று கட்டினாள். கேட்டால் குடித்தவனே சிரிப்பான். அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்திலும் ஊரைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோரணம் கட்டிய அன்று நான் கைக்குழந்தையோடு சந்தைக்குப் போயிருந்தேன். தராசைப் பிடித்துக்கொண்டே பாடினாள்.

கொடிய ரெண்டு தடவ மாத்திக் கும்பிட்டோம் – எங்க
கொழாய ஒரு தடவ வந்து மாத்தய்யா!

காய் வாங்க வந்தவர்கள் காயை மறந்து நின்றார்கள். எனக்குப் போட்ட கத்தரிக்காய்க்கு அவள் காசு வாங்கவில்லை. "நல்லாத் தண்ணி குடி, பால் சுரக்கும்" என்றாள். அவளைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுதலாம். அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் பாட்டு ஒன்றையும் யாரும் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் மேஸ்திரியைத் தூக்கிவிட்டுத் தோழனைப் போடவும், ஆணியை எடுத்துவிட்டு ஆவியைப் போடவும் உங்களுக்குத் துணிச்சல் வந்தது.

அன்று இதையெல்லாம் சொல்லி முடித்தபோது சுமதி மலரை மூடி என் மடியில் வைத்தாள். அப்புறம் சொன்னாள். "எங்க லைன்லயும் ரெண்டு கார்டு இருக்கு பெரிம்மா. செவப்புக் கலரு, கழுத்துல மாட்டிக்கிறது. அறுபது பேருக்கு ரெண்டு. நானும் தண்ணி குடிக்கறது இல்ல." அந்தக் கம்பெனி வாசலில் பறப்பது உங்கள் சங்கத்தின் கொடி என்றும் சொன்னாள்.

செயலாளரே, எனக்குக் கடிதம் போட வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். மே தினக் கூட்டத்தில் நீங்கள்தான் தலைமை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. சுமதியும் அவள் லைன் பெண்களும் முன் வரிசையில் உட்காரப் போகிறார்கள். நானும் வருகிறேன். மைக்கைப் பிடித்து மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பாட்டைக் கட்டியது யார்? அந்த வில்லை எதற்கு? சுமதியின் கழுத்தில் தொங்குகிற கார்டை நீங்கள் எந்தத் தேதியில் கழற்றப் போகிறீர்கள்?